எலுமிச்சை உருளும் பக்கம்

என் படுக்கையறையில் லாரிப் பட்டறையின் வாசம் அடிக்கிறது, அக்கா. கட்டிலுக்கடியில் கிடக்கும் உங்கள் லாரி ஜாக்கியிலிருந்து எண்ணெய் கசிகிறது. கோணிச் சாக்கைச் சுற்றி வைத்தும் நிற்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் மகன் பீரோவைத் திறந்து, "சித்தி, அம்மா நெனவா ஒரு சீலை எடுத்துக்குங்க" என்றான். நான் ஜாக்கியைக் கேட்டேன். துக்கத்தில் இருக்கும் கிழவியிடம் காரணம் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருப்பான் போலிருக்கிறது. தானே தூக்கிவந்து, அடுத்த வீடான என் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

மூன்று நாளாகக் காலையில் அதை வெளியே எடுக்கிறேன். என் கேட்டை ஒட்டிய காங்கிரீட் சிலாப்பின் ஒரு மூலை இரண்டு விரல் ஆழம் இறங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் அதில் இடறி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்துப் பத்து நாள் ஆகிறது. கொச்சியிலிருந்து என் மகள் தினமும் கூப்பிடுகிறாள். "இனி ஒங்கள அங்க தனியா உட முடியாதும்மா. ஞாயித்துக்கெழமை கார் கொண்டாறேன். பேசாம எங்கூட வந்து உள்ளாற இருங்க. என்ன வேணும்னாலும் கொண்டாந்து குடுக்குறேன்." உங்கள் மகனிடம் போய்ப் பாடம் கேட்டுவிட்டு வந்தவள்போல அதே வார்த்தைகள்.

அவன் சொன்ன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து, வாதத்தில் இடப்பக்கம் உறங்கிய உடம்போடும் புது வாக்கரோடும் உங்களை வீட்டில் இறக்கியிருந்தார்கள். உங்கள் படியிலிருந்து கேட்டுவரை நான்கு சிலாப்புகள். முதலாவது வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. இரண்டாவது நடுவில் குழிந்திருந்தது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே ஒரு படி உயரம் வித்தியாசம். கேட்டுக்கு வெளியே சந்து, சந்தைத் தாண்டினால் ராவுத்தர் கடை. நீங்கள் கேட்டது மிகப் பெரிய விஷயமில்லை. உங்கள் வெற்றிலையை நீங்களே போய்ப் பொறுக்கி வாங்க வேண்டும் என்றீர்கள்.

"அம்மா, நீங்க எதுக்கு வெளிய போறீங்க? என்ன வேணும்னாலும் கொண்டாந்து குடுக்குறோமல்ல?"

"வெளிய போறதக் கொண்டாந்து குடுப்பியா கண்ணு?"

அவன் போய் வாக்கரைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். நூலகத்தில் முப்பது வருடம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நான், அந்தக் கேள்வி எந்த அலமாரியில் சேரும் என்று யோசித்தேன்.

நம் கிழக்குப் பக்கத்துக் கரிசல் மண்ணுக்குக் கொள்கை என்று ஒன்று கிடையாது. வெயிலில் வெடித்துச் சுருங்கும், மழையில் உப்பி எழும். வீட்டின் அஸ்திவாரம் ஆழத்தில் நிற்பதால் வீடு தப்பித்தது. வாசலில் ஊற்றிய காங்கிரீட் மட்டும் மண் போன போக்கில் போயிற்று. இதற்குத் தீர்வு சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. மேஸ்திரி வந்து நான்கையும் உடைத்துவிட்டு இண்டர்லாக் சிமெண்ட் கட்டை பதிக்கச் சொன்னார். கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் வரை முற்றம் முற்றமாக அதைப் பதித்துவிட்டுப் பிறகு கிணற்றில் தண்ணீர் இல்லை என்று வருந்துவது நம் ஊர் வழக்கமல்லவா. வார்டு மெம்பர் விண்ணப்பமாக ஓர் அபேட்சை எழுதித் தரச் சொன்னார். வீட்டுக்குள் இருக்கும் முற்றத்துக்குப் பஞ்சாயத்தில் எதற்கு அபேட்சை என்று கேட்டேன். "சும்மா ஒண்ணு இருக்கட்டுமே டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை என்பதையும் அவர் ஏற்கவில்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து செல்போனில் படம் காட்டினார். காங்கிரீட்டில் துளை போட்டு நுரையை ஊதினால் சிலாப் தானாக எழும்புகிறது. நாம் இருவரும் வாய் பிளந்து பார்த்தோம். பார்த்து முடித்ததும், இத்தனை சின்ன வேலைக்கு வண்டி வராது என்றார்.

அவர் போன பிறகு நீங்கள் திண்டில் சாய்ந்தபடி சொன்னீர்கள்: "அம்மணி, பன்னெண்டு டன் லோடு லாரியத் தூக்குன ஜாக்கி நம்மூட்டு அட்டாலில கெடக்குது. இது ஒரு சிலாப்பு."

லாரி ஓட்டிய உங்கள் வீட்டுக்காரர் விட்டுப்போன சொத்து அது. நான் அதைப் பரணிலிருந்து இறக்கினேன். நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையால் பிடியைப் பற்றிக்கொண்டீர்கள். நான் சிலாப்பின் ஓரத்தில் குழி தோண்டி ஜாக்கியைப் பொருத்தினேன். அடித்தீர்கள், அடித்தீர்கள், சிலாப் அசையவே இல்லை. ஜாக்கிதான் மெல்ல மெல்லப் பூமிக்குள் இறங்கியது.

"ஏனுங்க அக்கா, இது பாதாளத்துக்குப் போகுதுங்க."

"போவட்டும். அங்க எங்கூட்டுக்காரரு இருந்தார்னா எப்பிடின்னு கேட்டுட்டு வா."

அவரைக் கேட்காமலே கண்டுபிடித்தோம். ஜாக்கிக்கு அடியில் கருங்கல் பலகை ஒன்றை வைத்தோம். சிலாப் ஒரு முனகலோடு எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பை வேறெதற்கும் நான் கேட்டதில்லை. செங்கல்லை முட்டுக் கொடுத்து, நனைத்த பாறைப்பொடியை அடியில் திணித்துத் திம்சுக் கட்டையால் இடித்தேன். சித்திரை வெயிலில் கரண்டி உள்ளே போகும் அளவுக்கு மண் வெடித்திருந்தது. அந்த வெடிப்பையெல்லாம் விடாமல் அடைத்தேன். வேலையில் ஓட்டை இருக்கக் கூடாது என்ற நூலகக்காரியின் சுத்தம். மட்டம் பார்க்க ரசமட்டம் இல்லை. நீங்கள் சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னீர்கள். லாரி கிளம்பும்போதெல்லாம் டயருக்கடியில் வைத்து நசுக்கிய பழம் ஆயிரம் இருக்கும், நசுங்காத ஒன்றுக்காவது வேலை கொடுப்போம் என்றீர்கள். சிலாப்பின் நடுவில் வைத்தோம். அசையாமல் நின்றது. இரண்டு கிழவிகளும் வெற்றி என்று அதைப் பிழிந்து குடித்தோம்.

வைகாசி நடுவில் இறங்கிய இடவப்பாதி மழை மூன்றாம் நாளே கணக்கைத் தீர்த்தது. கரிசல் உப்பியது. உப்புவதற்கு அது வைத்திருந்த இடத்தை நான் பாறைப்பொடியால் அடைத்துவிட்டிருந்தேன் அல்லவா, வேறு வழியில்லாமல் சிலாப்புகளை முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தது. முதல் சிலாப் படியைத் தாண்டி உயர்ந்து, தோணி மாதிரி வீட்டுப் பக்கம் சாய்ந்தது. முற்றத்துத் தண்ணீர் முழுக்க உங்கள் முன்னறைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் வந்தபோது நீங்கள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தீர்கள், வாக்கர் கணுக்காலளவு தண்ணீரில் நின்றது.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சித்தி, ஓணம் லீவுல ஆளு வருது. எல்லாத்தையும் ஒடைச்சுப்போட்டு இண்டர்லாக் போடறோம். வேலை முடியற வரைக்கும் அம்மா எங்கூடக் கோயமுத்தூர்ல இருக்கட்டும்" என்றான். வேலை முடியற வரைக்கும் என்பது எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியும். நம் சந்திலிருந்து அப்படிப் போனவர்களின் வீடுகளில் இப்போது யார் யாரோ இருக்கிறார்கள்.

அவன் போன பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் வெற்றிலை இல்லாத வாயை மென்றுகொண்டு சொன்னீர்கள்: "மண்ணு எறங்குனா ஏத்தோணும், ஏறுனா எறக்கோணும். இதுக்குப் போயி எதுக்கு மன்னிப்பு? ஓணத்துக்கு இன்னும் நாளு கெடக்குது."

மழை விட்ட ஆடியின் கடைசியில் மறுபடி தொடங்கினோம். இந்த முறை சிலாப்பின் அடியில் எதையும் திணிக்கவில்லை. ஒவ்வொன்றாக ஒரு பக்கம் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியிலிருந்த கரிசலை ஒரு முழ ஆழத்துக்குக் களைக்கொத்தால் இழுத்து எடுத்தேன். பிறகு மறுபக்கம். ஈரக் கரிசல் கொத்தை விட மறுக்கிறது, கையை விட மறுக்கிறது, உலகில் இத்தனை பற்றுள்ள பொருளை நான் எந்தச் சமய நூலிலும் படித்ததில்லை. காலை வெயில் ஏறும்வரை நான் தோண்டுவேன், நீங்கள் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு, "கைய உள்ள உடாத அம்மணி, கல்லு உருவுனா கை போயிரும்" என்று நிமிடத்துக்கொரு முறை சொல்வீர்கள். தோண்டிய குழியில் கிராவலும் பாறைப்பொடியும் மாறி மாறிப் போட்டு இடித்தோம். ஓரத்தில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் விட்டோம். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ராவுத்தர் தன் கடையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"என்னங்கக்கா, புதையலா?"

"ஆமாங்க ராவுத்தரே. கெடைச்சா ஒங்க கடைக்குத்தான் வரும்."

கடைசி நாள் எலுமிச்சையை வைத்தோம். அது நின்ற இடத்தில் நிற்க, நான் மகிழப் போனேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "நிக்கக் கூடாது அம்மணி. நின்னா தண்ணியும் நிக்கும். ஊட்டுப் பக்கம் உருளவே கூடாது. கேட்டுப் பக்கம் உருளோணும், மெதுவா." நான்கு சிலாப்பையும் கேட்டுப் பக்கம் ஒரு நூல் தாழ்த்தினோம். பழம் யோசித்தது, பிறகு புறப்பட்டது.

ஓணத்துக்கு உங்கள் மகன் ஆளோடு வந்தபோது வீட்டில் நீங்கள் இல்லை. ராவுத்தர் கடைப் பலகையில் வாக்கரைச் சாய்த்து வைத்துவிட்டு, "இதென்ன வெத்தலைங்க, மாடு திங்குமா இத?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவன் வாசலில் நின்று பார்த்தான். பிறகு குனிந்து ஒரு சிலாப்பைக் கையால் தட்டிப் பார்த்தான். கூட வந்த ஆளிடம் சாயா குடித்துவிட்டுப் போகச் சொன்னான்.

அதன் பிறகு இரண்டு மழைக்காலம் அந்தச் சிலாப்புகள் அசையவில்லை. நீங்கள் தினமும் போனீர்கள், தினமும் வெற்றிலையைக் குறை சொன்னீர்கள். பங்குனியில் கடைசியாக அந்த வழியில் போனபோது நீங்கள் நடக்கவில்லை, நான்கு பேர் தூக்கிப் போனார்கள். யாருக்கும் கால் இடறவில்லை. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. அழுவதற்குப் பதிலாக அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வாடகைக்கு வந்திருப்பவர்கள் ஸ்கூட்டரைப் படிவரை நேராக ஓட்டி வருகிறார்கள். தரை இயல்பாகவே சமமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள். நம்பட்டும்.

உங்கள் வாசலை எடுத்துக் கட்டிய நாம் என்னுடையதை அடுத்த வருடம் என்று தள்ளினோம். அந்த அடுத்த வருடம் நீங்கள் இல்லாமல் வந்துவிட்டது. என் மகள் நல்லவள், உங்கள் மகனும் நல்லவன். நம்மை உட்கார வைக்க வருபவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருப்பதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

மூன்று காலைகள் ஆயிற்று. ஒரு மூலைதான் என்றாலும் இப்போது தோண்டுவதும் நான், ஜாக்கி அடிப்பதும் நான். உங்களுக்கும் இடது கைதான் உறங்கியது, எனக்கும் இடதுதான் முறிந்தது. இந்த வேலைக்கு வலது போதும் என்பதை நீங்கள் ஏற்கெனவே நிரூபித்திருந்தீர்கள். கருங்கல் பலகையை மறக்கவில்லை. கரிசலை எடுக்காமல் எதையும் திணிக்கவில்லை. கையை உள்ளே விடவில்லை. விடப் போனபோதெல்லாம் உங்கள் குரல் வந்தது.

இன்று ஞாயிறு. பதினோரு மணிக்கு மகள் காரில் வந்தாள். இறங்கியதும் என் சேலையெல்லாம் கரிசலாக இருப்பதைப் பார்த்து, "என்னம்மா இது?" என்றாள்.

"கேட்டு மூலை எறங்கிப்போச்சு. ஏத்திட்டேன்."

"பெட்டி கட்டலையா?"

"இல்ல. நீ ரெண்டு நாளு இருந்துட்டுப் போ."

அவள் நிறையப் பேசினாள். எல்லாவற்றையும் கேட்டேன். பிறகு உள்ளே போய் ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துவந்து என் படிக்குக் கீழே முதல் சிலாப்பில் வைத்தேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பழம் சற்று நேரம் யோசித்தது. பிறகு மெதுவாகப் புறப்பட்டு, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதைத் தாண்டி, நான்காவதில் நான் தூக்கிய மூலையில் தடுக்காமல் உருண்டு, திறந்திருந்த கேட்டைக் கடந்து சந்தில் போய் நின்றது.

"நான் எடுத்துட்டு வாரேன், நீங்க உக்காருங்க" என்றாள் மகள்.

நான் அதற்குள் பாதி வழி போயிருந்தேன்.