ஏழாம் கேள்விக்கு நான் போட்ட விடை

இன்று காலை டியூஷன் சென்டரில் வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் விழுந்து கிடந்த ஜெராக்ஸ் தாள்களிலிருந்து ஈரமும் கரப்பான் மருந்தும் கலந்த நெடி அடித்தது. நடுவில் அந்த விடைக்குறிப்பு. மேலே உன் இனிஷியல். ஏழாம் விடையைச் சுற்றி யாரோ கோபமாகப் போட்ட சிவப்புச் சுழி.

நீ போய் மூன்று மாதமாகிறது. உன் காரியத்துக்கு வந்து, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதுவிட்டு, இதைப் பற்றி வாயே திறக்காமல் திரும்பியவள் நான்.

மேற்கு மாம்பலத்தின் அந்தச் சந்தில் பிளஸ் டூ கணக்குக்கு நாம் இரண்டு பேர். கேள்வித்தாள் என் வேலை, விடைக்குறிப்பு உன் வேலை. எந்த மூலம் கண்டுபிடித்தாலும் அதைச் சமன்பாட்டில் வைத்துச் சரிபார்க்காமல் நீ விடமாட்டாய். "போட்டுப் பாத்தியாடீ? பூஜ்யம் வரலைன்னா அது விடை இல்ல, வெறும் ஆசை" என்பாய்.

இந்த விடைக்குறிப்பு போட வேண்டிய அன்று உனக்குக் காய்ச்சல். உன் பெயரில் நானே விடைகளை டைப் செய்தேன். கெழுக்கள் எல்லாம் மெய்யெண்ணாக இருந்தால், i கலந்த மூலம் ஒன்று வந்தால் அதன் இணையும் வந்தே தீரும். 1+i வந்தால் பின்னாலேயே 1−i. பனகல் பார்க்கில் புடவை எடுக்க வரும் அக்கா தங்கை மாதிரி, ஒருத்தி தனியாக வரவே மாட்டாள் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஏழாம் கேள்வியில் கெழுவிலேயே i உட்கார்ந்திருந்தது: z² − (3+i)z + (2+2i) = 0. ஒரு மூலம் 1+i, மற்றது என்ன? அங்கே ஜோடி விதி செல்லாது. மூலங்களின் கூடுதல் 3+i, ஆகவே மற்றது வெறும் 2. கேள்வியை எழுதிய மகராசியே 1−i என்று தட்டிவிட்டு வடை சாப்பிடப் போய்விட்டாள்.

2 என்று சரியாக எழுதிய பெண்ணுக்கு மார்க் போய், முதல் பேட்ச்சில் இருந்த இடமும் போனது. அபிராமபுரத்திலிருந்து அவள் அப்பா வந்து நின்றார்.

"ஆன்சர் கீ யாரு போட்டது?" என்றார் சென்டர்காரர்.

வகுப்பில் காமெடி பண்ணுகிறேன் என்று எனக்கு ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். நீ என்னைப் பார்த்தாய். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு எத்தனை இறக்கை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், இருந்தாலும் எண்ணினேன்.

"நான்தான் சார்" என்றாய்.

உன்னை எட்டாம் வகுப்புக்கு மாற்றினார்கள். ஒரே மாதத்தில் வேலையிலிருந்து நின்றுவிட்டாய். மாம்பலம் ஸ்டேஷன் படியில், "இனிமேலாவது போட்டுப் பாருடீ, லூசு" என்றாய். அவ்வளவுதான் உன் கோபம். அப்புறம் ஆறு வருஷம். போனில் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் சொல்லாமலே வைத்தேன்.

இன்று சாயங்காலம் அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆதம்பாக்கம் போனேன். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க மேடம். நீங்க பேசினா அவ அப்படி சிரிப்பா. ஏதாவது சொல்லுங்க, வீட்ல சத்தமே இல்ல."

"அந்தக் கீ அவ போட்டது இல்ல சார். நான் போட்டது."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. ஜோக்கின் மீதிக்காகக் காத்திருந்தார். மீதி வரவில்லை.

"அப்ப அவ தப்பே பண்ணலையா?"

"இல்ல சார்."

"பாப்பாவுக்கு ஹோம்வொர்க் சொல்லித்தர உக்காருவா. 'நீ வேணாம்மா, தப்பா போடுவே'ன்னு பாப்பா நோட்டைப் பிடுங்கிப்பா. நான் சிரிப்பேன். அவளும் சிரிச்சா, மேடம்."

உன் வீட்டில்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் பிளஸ் டூ படிக்கும் மகளைக் கூப்பிட்டார். அவளுக்கும் முதலிலிருந்து சொன்னேன். உன்னைப் போலவே தாளை வாங்கி, பேனா எடுத்து, 1−i ஐச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தாள். பூஜ்யம் வரவில்லை. 2 ஐப் போட்டாள். வந்தது.

"ஏன் ஆன்ட்டி அம்மா இருக்கும்போதே சொல்லல?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் வாய் இது என்று நீயே சொல்வாய். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் தேடினேன். அவள் கேட்டது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.