மூன்று விரல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு அன்னாசி. விரல் நுனியெல்லாம் எரிகிறது. ஹோட்டலின் பழ அறையில் இது ஒன்பதாவது வருடம். நான் வெட்டுவது கதவுக்கு அந்தப் பக்கம் பாருக்குப் போய், பினா கொலாடாவாகி, காகிதக் குடை செருகிக்கொண்டு மேசைக்குப் போகிறது. ரம், அன்னாசிச் சாறு, கெட்டித் தேங்காய்ப்பால், ஐஸ். அவ்வளவுதான். இதில் என்ன வித்தை?

கவுண்ட்டரில் ஓர் ஆள் குறைகிறதாம். இருபதாம் தேதி கலக்கிக் காட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பார் மேனேஜர் சொன்னார். நான் பெயர் கொடுத்தேன். அவர் என் கத்தியைப் பார்த்தார். "நீங்க பழம் வெட்டுங்கம்மா. அதுக்கு உங்கள விட்டா ஆள் இல்ல."

பாராட்டாம். பெயரை அடிக்கச் சொல்லவில்லை நான்.

மார்ச் 4, புதன்

ரம் வாங்கிவிட்டேன். பையில் மறைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தே வந்தேன். நாற்பது வயதில் யாருக்குப் பயப்படுவது?

மார்ச் 5, வியாழன்

அக்கா முழு பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

கேட்டதற்கு மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். "அப்பாவோட போச்சு அது. இந்த வீட்டுக்குள்ள மறுபடி வரக்கூடாது."

குடிக்கிறது வேற, கலக்கிறது வேற என்றேன். அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார் என்றாள். பொய். அவர் எதையும் கலந்ததே கிடையாது, தண்ணீரைக்கூட. நான் ஒரு சொட்டு குடித்ததில்லை, உனக்கே தெரியும் என்று கத்தினேன். அழுகை வந்தது, அதுவும் கோபத்தில்தான். என் வேலை, என் காசு, என் பாட்டில். என்னை எதுக்குத் தண்டிக்கிறே?

நாளைக்கு இன்னொன்று வாங்குவேன்.

மார்ச் 6, வெள்ளி

வாங்கிவிட்டேன். அவள் தையல் மேசைமேலேயே வைத்தேன். கொட்டினால் மூன்றாவது வரும், நாலாவது வரும் என்றேன். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கொட்டவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

லீவு. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துத்தான் கலக்கினேன். எதிர்வீட்டுக்காரி பார்த்தால் பார்க்கட்டும்.

பழத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அன்னாசியின் அடிப்பாதிதான் இனிப்பு, மேல்பாதி புளிப்பு. பாரில் இது ஒருத்தருக்கும் தெரியாது, எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டு அடிப்பார்கள். நான் அடிப்பாதியை மட்டும் பிழிந்தேன். தேங்காயின் முதல் பாலைச் சர்க்கரை போட்டு லேசாகச் சூடுபண்ணி ஆறவைத்தேன். ஷேக்கர் இல்லை. மூடி இறுகின எவர்சில்வர் தூக்குதான். பாரில் போலவே இருபது எண்ணிக் குலுக்கினேன்.

தண்ணீர். வாயில் வைத்துத் துப்பினேன். வெறும் இனிப்புத் தண்ணீர்.

மார்ச் 10, செவ்வாய்

ரம்மைக் கூட்டினேன். நாக்கு எரிந்தது. குறைத்தேன், மறுபடி தண்ணீர். குடிக்காதவள் நாக்குக்கு எது சரியென்று எப்படித் தெரியும்? எனக்கு எல்லா ரம்மும் ஒரே நெருப்புதான்.

மார்ச் 12, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் கலக்கிவிட்டு, கை கழுவத் திரும்பினேன். அக்கா டம்ளர் பக்கத்தில் நிற்கிறாள். குனியவில்லை, தொடவில்லை. மூக்கை மட்டும் லேசாகத் தூக்கினாள்.

"மூணு" என்றாள்.

எத்தனை வருடம் ஆயிற்று இந்தக் கணக்கைப் பார்த்து. அப்பா வந்தால் கதவைத் திறப்பவள் அக்கா. உள்ளே வருவதற்குள் மோந்து பார்த்துவிடுவாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் எனக்கு விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் சாதம் போடலாம். இரண்டு என்றால் பேசாமல் இருக்கணும். மூன்று விரல் என்றால் நான் பின்கதவு வழியே மாடிக்கு ஓடிவிட வேண்டும். அவள் கீழேயே இருப்பாள். எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதினைந்து.

அவள் கணக்கு ஒருநாளும் தப்பினதில்லை.

எத்தனை இருக்கணும் என்று கேட்டேன். வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெஷின் சத்தம் கேட்டது, வெகுநேரம்.

மார்ச் 14, சனி

முந்தாநாள் கேட்டதற்கு இன்று பதில் வந்தது. நான் டம்ளரை மேசையில் வைத்தேன். அக்கா துணியை வெட்டிக்கொண்டே, "இது தண்ணி. நம்மப்பன் இதைக் குடிச்சிருந்தா நமக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே அடக்கிவிட்டாள்.

அப்புறம் அவளே சொன்னாள். தப்பு ரம்மில் இல்லையாம், ஐஸில். "உன் ஐஸ் குலுக்கும்போதே செத்துப்போகுது. அதுக்கு ஈடா ரம்மை ஊத்துறே."

இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? பார் ஐஸ் கல் மாதிரி. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் சின்னச் சின்னத் தட்டு ஐஸ், பாதி ஈரம். இருபது குலுக்கலுக்கு எங்கே தாங்கும்?

மார்ச் 15, ஞாயிறு

கிண்ணம் நிறையத் தண்ணீரை உறையவைத்து, பெரிய துண்டுகளாக உடைத்துப் போட்டேன். தூக்கின் வெளிப்புறம் பனி பூத்து, பிடிக்க முடியாமல் கை வலிக்கும்வரை குலுக்கினேன். எண்ணவே இல்லை.

அக்கா மோந்தாள். ஒன்றரை என்றாள். ஒரு விரலை நீட்டி, அடுத்ததைப் பாதி மடக்கிக் காட்டினாள்.

மார்ச் 20, வெள்ளி

கலக்கிக் காட்ட வந்தது இரண்டே பேர், ஹோட்டல் ஸ்டோர்க்காரரும் நானும். அவர் சாறு டின்னைத் திறந்து, பாட்டிலை ஒரு சுழற்று சுழற்றினார். நான் அன்னாசியை அங்கேயே வெட்டி அடிப்பாதியைப் பிழிந்தேன்.

மேனேஜர் என்னுடையதை முழுசாகக் குடித்தார். கிளாஸின் அடியை உறிஞ்சின சத்தம்கூடக் கேட்டது. பிறகு சொன்னார், நல்ல கை. தினமும் காலையில் பழ அறையிலேயே ஜாடி ஜாடியாகக் கலந்து வைத்துவிடுங்கள், முன்னால் கவுண்ட்டரில் ஸ்டோர்க்காரர் நிற்பார்.

"என் கை வேணும்னா மூஞ்சியையும் சேர்த்துத்தான் எடுத்துக்கணும் சார்" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் என்ன, சொல்லிவிட்டேனே.

மார்ச் 21, சனி

முப்பத்தெட்டு அன்னாசி. வெட்டினேன். கலக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

கவுண்ட்டரில் ஸ்டோர்க்காரர் கலக்குவது பாதி பாதி கிளாஸாகத் திரும்பி வருகிறதாம். தட்டு கழுவுகிறவர் வந்து சொன்னார். மேனேஜர் இரண்டு தடவை பழ அறை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார். நான் தலை நிமிரவில்லை. கேட்கட்டும். கேட்காவிட்டால் போகட்டும். சமையலறையில் அழுதது யாருக்கும் தெரியாது. இதில் மட்டும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 31, செவ்வாய்

கேட்டார். திங்களிலிருந்து கவுண்ட்டர், பகல் ஷிப்ட்.

கொடுத்த கறுப்புச் சட்டை ஆம்பளை அளவு. தோள் முழங்கையில் தொங்குகிறது. அக்கா ஒன்றும் கேட்காமல் வாங்கி, தையலைப் பிரித்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

முதல் நாள். ஐம்பத்திரண்டு கிளாஸ். ஒன்றும் திரும்பவில்லை. ஒரு தடவை பாட்டில் வழுக்கி, கையெல்லாம் ரம், சட்டையெல்லாம் ரம்.

ஏழு மணிக்குக் கதவைத் தட்டினேன். அக்கா திறந்தாள். வழி விடவில்லை. அவள் மூக்கு லேசாக உயர்ந்தது. நான் அப்படியே நின்றேன். அந்தக் காலத்தில் இதே நிலையில் அவள் யார் முன்னால் நின்றாள் என்று எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்து ஊதிக் காட்டவா என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை.

அவள் வலது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவளுக்கே தெரியாமல் போயிருக்கும். பின்னால் யாருமில்லை. சட்டை போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காகச் சுவரில் மாட்டின பெரிய கண்ணாடிதான். அதில் பார்த்தேன்.

ஒரு விரலும் நீட்டவில்லை. கை மூடியிருந்தது.

"சட்டையில மட்டுந்தான்" என்றாள். "கழட்டிக் குடு, ஊற வைக்கிறேன். நாளைக்கு வேணுமில்ல."