மூன்றாவது நாற்காலி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் பிள்ளைகளும் நலம். என் கைவலி அப்படியேதான் இருக்கிறது. உன் நலத்தை விசாரிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம் முந்திக்கொண்டு வருகிறது, முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன்.

உங்கள் தலைமை அலுவலகம் அனுப்பிய பேனர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. 'அகதிகளுக்குத் துணை நிற்போம்' என்று ஆளுயர எழுத்து. வாசகம் நீ எழுதியதாமே, மேனேஜர் பெருமையாகச் சொன்னார். ஓரம் பிரிந்திருந்ததால் எங்கள் தையல் அறைக்கு அனுப்பினார்கள். மடித்துத் தைத்தது யார் தெரியுமா? காஜா. நர்ஸ் கோட்டுகளுக்கெல்லாம் பொத்தான் துளை தைத்துக் காஜா எடுப்பவள், அதனால் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. தஞ்சம் கேட்டு வந்து மூன்று வருஷமாகிறது. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் புருஷனைக் கொண்டுபோனவர்கள் அங்கே இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

அவள் கேட்டது ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் நாலு வரி. இங்கே வேலை செய்கிறாள், எங்களுக்குத் தெரிந்தவள் என்று. உங்கள் பதில் வந்தது. அகதிகளைப் பொதுவாக ஆதரிக்கிறோம், தனிநபர் விஷயங்களில் தலையிடுவதில்லையாம். கீழே உன் கையெழுத்து. ஏண்டா, பொதுவாகத் துணை நிற்பதென்றால் எங்கே போய் நிற்பது? மேனேஜரிடமும் இதையே கேட்டேன். கொள்கைம்மா, நான் என்ன பண்றது என்று நழுவினார். வெள்ளிக்கிழமைதான் பேனர் திறப்பு விழாவாம், தையல் அறையில் யாருக்கும் லீவு கிடையாதாம். காஜாவுக்கு மட்டும் அரைநாள் தந்திருக்கிறார், மகராசன்.

விசாரணை அறையில் அவளுக்காக வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலி போட்டிருக்கும். போன தடவை மூன்றும் காலி. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

அந்த அறை உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது உனக்கு நாலு வயசு. நம் அம்மா தஞ்சம் கேட்ட விசாரணைக்கு ரொட்டிக் கடைக்காரர் அடுப்பை அணைத்து, கடையைப் பூட்டி, வேலையாட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மாவுக் கையோடு வந்து உட்கார்ந்தார். இந்தம்மா எங்க கடையில வேலை செய்யறவங்க, எங்களுக்கு வேணும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ அவர் மடியில் தூங்கிப்போனாய். இன்றைக்கு நீ மேசை போட்டு உட்கார்ந்து 'பொதுவாக' என்று எழுதுகிறாயே, அது அந்த மடியின் தயவு.

இந்தத் தடவை ஒரு நாற்காலியில் நான். வேலை போனால் போகட்டும். இன்னொன்றில் எங்கள் ஆஸ்பத்திரி பாய்லர்காரர். விழாவுக்கு மைக் கட்ட வேற ஆளைப் பாருங்க என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மூன்றாவதில் என் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். காலை பத்து மணி. லெட்டர்பேடோடு வா. யாருக்கு அந்த இடம் என்று அதிகாரி கேட்டால், ஆஸ்பத்திரித் தலைமை அலுவலகத்திலிருந்து என் தம்பி வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்வேன். என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதே.

நீ போய் நிற்கிற எந்த அறையிலும் உனக்கென்று வந்து உட்கார ஆள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் அக்கா.