மேப்பிள் பாகில் திரண்ட வெள்ளை நூல்

12.3.2007, திங்கள்

பஷீர் பாயின் மேப்பிள் பாகில் மாவு இல்லை. சோதனைக்காக ஸ்பிரிட் ஊற்றியதும் வெள்ளை நூலாகத் திரண்டது அந்த மரச்சாற்றில் இயல்பாகவே உள்ள நீண்ட சங்கிலிச் சர்க்கரை என்று ஆய்வக அதிகாரி இன்று உறுதிப்படுத்தினார்.

ஸ்பிரிட் ஊற்றியவன் நான். வெள்ளை நூலைக் கண்டதும் மாவுக் கலப்படம் என்று எங்கள் பத்திரிகையில் எழுதினேன். ஒரு சொட்டு அயோடின் விட்டிருந்தால், மாவு இருந்தால் வரும் நீலம் வராததைப் பார்த்திருப்பேன். மறுநாளே காக்களூரில் அவர் பாகு அடைக்கும் பட்டறைக்கு சீல் வைத்தார்கள்.

சாயங்காலம் பஷீர் பாயிடம் நேரில் போய்ச் சொன்னேன். டீ சொன்னார். "அன்னிக்கும் இப்டிதான் சார், எங்க டீயக் குடிச்சிக்கினே எழுதினீங்க. பாட்டில் கழுவுன பொம்பளைங்கள்லாம் வேற கம்பெனிக்குப் பூட்டாங்க" என்றார்.

பத்திரிகையில் திருத்தம் புதன்கிழமை வரும். சீல் அகற்றும் ஆணை வெள்ளிக்கிழமை என்கிறார்கள். அந்தப் பெண்கள் திரும்புவார்களா என்று யாரிடம் கேட்பது?