இறங்கிய விமானங்கள்

முருகன் துணை

பத்து பெரண்டாம், மலாக்கா
18.5.1997, ஞாயிறு

அன்பு மகள் திலகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி தேவனும் அவன் மனைவி பவானேஸ்வரியும் ஆண்டவன் புண்ணியத்தில் இருக்கிறோம். லீட்ஸில் நீ குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடி இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், நீயோ 'சொல்லுங்கப்பா' என்கிறாய், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நான் மழையைப் பற்றியும் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியும் பேசி வைத்துவிடுகிறேன். இந்த முறை அப்படி ஓட முடியாது. உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் வீட்டு விஷயம். தேவனுக்கு பேக்டரியில் சூப்பர்வைசர் வேலை கொடுத்துவிட்டார்கள், நடையே மாறிவிட்டது, வீட்டிலும் எங்களை மேய்க்கப் பார்க்கிறான். பவானேஸ்வரி மெர்லிமாவில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள், அந்த ஒரு வாரமும் அம்மா யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் என்னோடு போட்டாள். எனக்கு அதே ஜாகா வேலைதான், பகல் ஷிப்ட். இருபத்தாறு வருஷம் செலண்டார் தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டினவன் இப்போது பேக்டரி வாசலில் உட்கார்ந்து மற்றவன் ஓட்டும் லாரிக்கு கேட் திறந்துவிடுகிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஏர்போர்ட்டில் இறங்கும் விமானங்கள் தெரியும். பெரிய விமானம் இங்கே வராது, சின்னதுகளும் விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகளின் குட்டி விமானங்களும்தான். முதலில் அவற்றை நான் நிமிர்ந்தே பார்க்கமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு நிகழ்ச்சி போடுவார்கள், வெளிநாட்டுக்காரன் எடுத்தது, கீழே மலாயில் எழுத்து ஓடும். நடக்கவே நடக்காது என்று நாம் நினைக்கிற மாதிரி வாழ்ந்த ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேச வைப்பார்கள். மின்னல் இரண்டு முறை அடித்தும் பிழைத்தவர், பதினெட்டு வருஷம் தனியாகத் தீவில் ஆடு மேய்த்தவள், இப்படி. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் விமான விபத்து. எனக்கு அது கஞ்சாப் பழக்கம் மாதிரி ஆகிவிட்டது. பார்க்கக்கூடாது என்றுதான் நினைப்பேன், மணி இரண்டானால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். பார்க்காமல் விட்ட வாரத்தை வீடியோ கடை மருதமுத்து டேப்பில் பிடித்துத் தருவான். எந்த நாட்டில் எந்தத் திருகாணி கழன்றது, எந்தப் பைலட் எந்த மலையைப் பார்க்கவில்லை என்று எல்லாம் எனக்குத் தெரியும். நீ 93இல் மூன்று வாரம் வந்து திரும்பிப் போனபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. டாக்ஸி சக்கரத்தில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு சுபாங்கில் உன்னை ஏற்றிவிட்டேன். விமானத்துச் சக்கரத்துக்கு எப்படி வைப்பது என்று ஒரு பழம் கூடுதலாகச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தேன், அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன்.

இனி அந்தத் தப்பு. 95ஆம் வருஷம் மார்ச்சில் ஒரு ஞாயிறு, கடலில் விழுந்த விமானத்தைக் காட்டினார்கள். தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்தது. பொம்பளைப் பிள்ளைச் செருப்பு, பழுப்பு நிறம், குதிகாலில் ஒரு பித்தளைக் கொக்கி. நீ மலாக்கா டவுனில் வாங்கிப் போட்டுக்கொண்டு போன அதே மாதிரி. நான் டிவியை அடைத்துவிட்டேன், ஆனால் அந்தச் செருப்பை அடைக்க முடியவில்லை. அதற்கு மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது, தம்பி கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், ஜூன் முதல் தேதி வந்துவிடுவேன் என்று. எவ்வளவு சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கு அந்தச் செருப்புதான் கண்ணில் நின்றது. உன் ஜாதகத்தை எடுத்து மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துக்கொண்டு செலண்டாருக்கு ஜோசியரைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். போய் பழைய கடையில் ஒரு தே தாரேக் குடித்தேன். ஜாதகத்தைப் பெட்டியிலிருந்து வெளியிலேயே எடுக்கவில்லை. திரும்பி வந்து, பிள்ளைக்கு அஷ்டமச் சனி, இரண்டரை வருஷம் ஆகாயப் பயணம் உயிருக்கு ஆகாது என்று ஜோசியர் அடித்துச் சொல்லிவிட்டார் என்றேன். திலகா, எந்த ஜோசியரும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது நான்.

நீ போனில் 'தம்பி கல்யாணத்துக்குக்கூட வர வேணாமாப்பா' என்று கேட்டாய். அப்புறம், 'சரிப்பா, அம்மா பயந்துக்குவாங்க, நான் வரல' என்றாய். அம்மா பயப்படவில்லை திலகா, அப்பாதான் பயந்தான். கல்யாணத்தன்று மெர்லிமாவ் கோயிலில் தேவன் முதல் முடிச்சுப் போட்டதும் ஐயர், 'நாத்தனார் வாங்க, நாத்தனார் எங்க' என்று இரண்டு தரம் கூப்பிட்டார். மேளம் அடித்துக்கொண்டே இருக்கிறது, உன் இடத்தில் ஆள் இல்லை. சித்தப்பா மகள் புனிதா ஓடிவந்து மற்ற இரண்டு முடிச்சையும் போட்டாள். அட்சதை போடக் கை தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள், எனக்குக் கிடைத்தது, தலைவாழை இலையில், பாயசத்தோடு. ஒரு வாய் இறங்கவில்லை.

அதோடு போயிருந்தால் இந்தப் பாவத்தை நானே சுமந்துகொண்டு போயிருப்பேன். உன் அம்மாவை உனக்குத் தெரியும். சனி என்று கேட்டதிலிருந்து சனிக்கிழமைதோறும் விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர், பொழுது சாயக் கோயிலுக்கு நடந்து போய் எள் தீபம், வந்து ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறவில்லை. ஏற்கெனவே கேஸ்ட்ரிக் உள்ளவள். வேண்டாம் என்று நான் சொன்னால், 'உங்களுக்கு என்ன தெரியும், பொண்ணு நல்லபடியா வந்து சேரணும்லா' என்பாள். இல்லாத சனிக்கு அவள் கோயிலில் விளக்கு ஏற்றினாள், நான் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். போன மாதம் கோயில் படியில் மயங்கி விழுந்துவிட்டாள். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள், உனக்குச் சொல்லக்கூடாது என்று அவள்தான் எல்லார் வாயையும் கட்டினாள். கிளினிக்கில் டாக்டர் திட்டினார், இந்த வயதில் பட்டினி கிடக்கக்கூடாது என்றார். ட்ரிப்ஸ் ஏறுகிற கையோடு அம்மா அவரிடம், 'இன்னும் அஞ்சு மாசம்தான் டாக்டர், முடிஞ்சிரும், எம்பொண்ணு வந்துருவா' என்று சொன்னாள். நான் அங்கேயே கட்டில் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், செருப்பிலிருந்து தே தாரேக் வரைக்கும்.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை என் பக்கம் தள்ளுவாள், அவ்வளவுதான். எட்டாம் நாள் ஞாயிறு. நான் வெட்கம் கெட்டவன், மணி இரண்டுக்கு மறுபடியும் நாற்காலியைப் போட்டேன். அன்றைக்கு ஒரு ரொட்டிக்கடைக்காரரைக் காட்டினார்கள். வானத்திலேயே பிளந்த விமானத்திலிருந்து சீட்டோடு வெளியே விழுந்து, மரத்தில் மாட்டிப் பிழைத்தவர், இடது கால் கட்டை. இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, காலையில் ரொட்டி சுடுகிறேன், வருஷம் ஒருமுறை மகள் வீட்டுக்கு விமானத்தில் போய் வருகிறேன், ஜன்னல் சீட்தான் கேட்பேன் என்றார். அம்மா துணி மடித்துக்கொண்டே இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். 'விழுந்த மனுஷனே ஏறிப் போறான். நாற்காலியில உக்காந்திருக்கிற மனுஷன் எம்பொண்ண ஏற விடல. விழுந்த பிளேனத்தான் படம் புடிப்பான், எறங்குன பிளேன எவன் புடிப்பான்? அத யாரு எண்ணுறா?' என்றாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதானே, எத்தனை விமானம் ஒழுங்காக இறங்கியது என்று ஒருவனும் எனக்குக் காட்டவில்லை.

மறுநாளே கடைக்கணக்கு எழுதுகிற 555 நோட்டு ஒன்று வாங்கினேன். ஜாகா கொட்டகையில் உட்கார்ந்து, இறங்கும் விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. என்னோடு வேலை செய்கிற சாமிக்கண்ணு சிரித்தான். படிக்கிற பிள்ளைகளின் விமானம் தரையைத் தொட்டுவிட்டு நிற்காமல் மறுபடியும் ஏறிவிடும், 'தொட்டுட்டுப் போனா எறங்குன கணக்கா அண்ணே, அதெல்லாம் செல்லாது லா' என்று வம்பு பண்ணினான். சரி, அதற்கு அரைக்கோடு என்று முடிவு பண்ணினோம். இப்போது அவனும் எண்ணுகிறான், நான் சாப்பிடப் போனால் அவன் கோடு போடுகிறான். மூன்று வாரத்தில் முழுக்கோடு நூற்றுத் தொண்ணூற்றேழு. மழையில் இறங்கியது உண்டு, காற்றில் ஆடிக்கொண்டே இறங்கியது உண்டு. ஒன்றும் விழவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், பொய் சொல்லி நான் பட்டது போதும். பயத்தோடேயே கேட்கிறேன், வந்துவிடு. நாலு வருஷமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டோவில் கொஞ்சம் மெலிந்து தெரிகிறாய், கண்ணாடி போட்டிருக்கிறாய், எப்போது போட்டாய் என்றுகூட எனக்குத் தெரியாது. உன் அறைக் கதவை ஒவ்வொரு நாளும் திறந்து ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், யாருக்குத் திறக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. பவானேஸ்வரி இன்னும் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் போட்டிருக்கிறாள். தங்கச் சங்கிலி வாங்கி வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது, மாற்றிக்கொள் என்றால் கேட்கவில்லை. பழைய பழக்கம் என்று நான் சும்மா இருந்தேன். என் விஷயம் வெளியே வந்த பிறகுதான் சொன்னாள், 'அண்ணி முடிச்சுப் போடாத கயிறு மாமா, அவங்க வந்து புதுக் கயிறுல ஒரு முடிச்சாவது போடட்டும், அப்புறம் சங்கிலி போட்டுக்கிறேன்' என்று. நீ அவளை நேரில் பார்த்ததே இல்லை. ஆடிப் பதினெட்டுக்குக் கயிறு மாற்ற வேண்டும், ஆகஸ்டு மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முடிச்சுப் போட வேறு யாரையும் கூப்பிடப்போவதில்லை.

நீ கோபப்பட்டால் படு, அது உன் உரிமை, போனில் என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் டிக்கெட் எடு. விமானத்தில் வால் பக்கமாக சீட் கேள். உட்கார்ந்ததும் அவசரக் கதவுக்கு எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள். பருத்தித் துணி உடுத்து, இறங்கும் வரை செருப்பைக் கழற்றாதே, பெல்ட்டைத் தளர்த்தாதே. பழைய பழுப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு வராதே, புதிதாக வாங்கிக்கொள். சிரிக்காதே, இரண்டு வருஷம் டிவி பார்த்ததில் இது ஒன்றாவது உதவட்டும்.

தேதி மட்டும் நான் சொல்கிற மாதிரி எடு. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் உன் அம்மா விரதத்தை விடவில்லை. காலில் விழாத குறையாகக் கேட்டேன். 'பொய் சொன்னது நீங்க, வேண்டிக்கிட்டது நானு. அவ வந்து எறங்குனாத்தான் சனிக்கிழம சோறு' என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஆகஸ்டு இரண்டாம் தேதி சனிக்கிழமை காலையில் சுபாங்கில் இறங்குகிற மாதிரி பார். சனிக்கிழமை பயணம் ஆகாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. நோட்டில் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், பேனாவோடு ஏர்போர்ட் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். ஒரு கோடு போட்டதும் நேராக வீட்டுக்கு வந்துவிடுவோம், மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். அம்மா உனக்கு இலை போட்டுவிட்டு, தனக்கும் ஒன்று போட்டுக்கொள்ளட்டும்.

நீ தீர்க்காயுளோடு நோய்நொடி இல்லாமல் இருக்க நம் கோயில் நாகம்மாளை வேண்டிக்கொள்ளும்,

உன் அப்பா
செ. ரங்கசாமி