தானாக மேலே வரும் பெட்டி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் வணக்கத்தோடு எழுதுவது. நானும் என் தையல் மெஷினும் இங்கே நலம். நீங்களும் அண்ணனும் அந்தத் தீவில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் எடுக்காத இடத்தில், கடலுக்குள் படம் எடுக்கும் வேலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது உங்களுக்கு மட்டும்தான்.

நீங்கள் சொன்ன கேமராக் கடைக்குப் போனேன். நீருக்குள் கேமராவை வைக்கும் பெட்டியைக் கடைக்காரர் ஹவுசிங் என்கிறார். எனக்கு அது பெட்டிதான். ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனிப் பெட்டியாம். மாடல் மாறினால் பெட்டியின் பொத்தான் ஒரு பக்கம், கேமராவின் பொத்தான் ஒரு பக்கம் நிற்குமாம். அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி என்றேன். சிரித்தார். ஆழம் போகப்போக சிவப்பு நிறம் செத்துவிடும், எல்லாம் நீலமாகிவிடும், அதனால் ஸ்ட்ரோப் என்ற அந்தப் பெரிய ஃபிளாஷ் இல்லாமல் பவளப்பாறையைப் படம் எடுத்துப் பிரயோஜனமில்லை என்றார். நிறமே தெரியாத இடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

நீங்கள் கேட்டது ரொம்ப ஆழம் தாங்கும் உலோகப் பெட்டி. அதை எடுத்துவைக்கச் சொன்னேன். அப்போது அவர் பழைய பெட்டி எப்படிப் போனது என்று கேட்டார். நீங்கள் எழுதியது, ‘பழசு போய்விட்டது, எனக்குக் கொஞ்சம் காது அடைப்பு’ என்று ஒரே வரி. எப்படிப் போனது அண்ணி?

இன்னொன்று. சட்டைகளுக்குப் பொத்தான் வேண்டாம், பிரஸ் பட்டன் வைத்துத் தை என்று கேட்டிருக்கிறீர்கள். இது என்ன புது ஃபேஷன்? தைத்து அனுப்புகிறேன். எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாயாடி

*

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் பதில் வருவதற்குள் அண்ணன் படகுத்துறையிலிருந்து போன் செய்துவிட்டான். பெட்டி கடையிலேயே இல்லை என்று உங்களுக்கு எழுதிவிடச் சொன்னான். ஏன் என்று விடாமல் கேட்டேன். பெரிய ஆள், போனிலேயே அழுதான். அவனைத் திட்டாதீர்கள்.

அறுந்த வலையில் ஃபிளாஷைத் தாங்கும் கை மாட்டிக்கொண்டதையும், கேமராவின் கொக்கி உங்கள் மணிக்கட்டில் இருந்ததையும், சிலிண்டரில் காற்று தீரும் வரை நீங்கள் கொக்கியைக் கழற்றாமல் வலையோடு மல்லுக்கட்டியதையும் சொன்னான். கடைசியில் கழற்றிவிட்டு ஒரே மூச்சாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிட்டதாமே. அதைக் கரைக்க, காற்றை அழுத்தி ஏற்றும் இரும்புக் கூண்டு மாதிரி ஓர் அறையில் உங்களைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்களாம். அவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். ‘நான் பக்கத்துல இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல’ என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இதற்குப் பெயர் காது அடைப்பா அண்ணி?

இடது கை விரல்கள் இன்னும் மரத்துப்போகின்றன, அவன்தான் உங்களுக்குப் பொத்தான் போட்டுவிடுகிறான் என்றும் சொன்னான். பிரஸ் பட்டன் வைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஃபேஷன் என்று எழுதிய வாயை என்ன செய்வது.

எனக்குப் பயமாக இருக்கிறது. குழாயைத் திறந்தால்கூடப் பயமாக இருக்கிறது. ஆனால் அண்ணன் சொன்ன பொய்யை எழுத மாட்டேன். நான் வாங்கித் தராவிட்டால் வேறு யாரிடமாவது வாங்குவீர்கள். நீங்கள் கேட்டதையே கொடுத்துவிடுவார்கள்.

அதனால் உங்களைக் கேட்காமல் மாற்றிவிட்டேன். உலோகப் பெட்டி வேண்டாம் என்று சொல்லிக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தேன். தண்ணீர் நுழைந்தால் வெளியிலிருந்தே தெரியும். அது அதிக ஆழம் தாங்காது என்று கடைக்காரர் எச்சரித்தார். அதுதான் எனக்கு வேண்டும் என்றேன். இனிமேல் ஆழம் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறாராமே.

கேமரா வைக்காமல் உள்ளே டிஷ்யூ காகிதம் மட்டும் போட்டு முதலில் முக்கிப் பார்க்கச் சொன்னார். துணி ஊறவைக்கும் தொட்டியில் முக்கினேன். எடுத்துப் பார்த்தால் காகிதத்தின் ஒரு மூலை நனைந்திருந்தது. குக்கர் காஸ்கெட் மாதிரி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதே, அதன் மேல் சிவப்பு நூல் ஒன்று. என் வீட்டு நூல். அவ்வளவு மெல்லிய நூல் விட்ட இடைவெளியிலேயே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது. துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி முக்கினேன். காகிதம் காய்ந்தே வந்தது. ஆனாலும் இது நூல் பறக்கும் வீட்டில் திறந்த பெட்டி. அங்கே ஒருமுறை பிரித்துத் துடைத்துவிடுங்கள்.

அப்படி முக்கும்போதுதான் ஒன்று கவனித்தேன். நான் அழுத்த அழுத்த அது மேலே மேலே வந்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்துப்போய்விட்டது. திரும்பக் கடைக்கு ஓடினேன். கேமராவும் ஃபிளாஷும் சேர்ந்தால் கனம் கூடி மூழ்கும் என்றார். மூழ்கக்கூடாது, கையை விட்டால் மேலே வர வேண்டும் என்றேன். படம் எடுப்பவர்களுக்கு அது தொந்தரவு, பிடித்துப் பிடித்துக் கை வலிக்கும் என்றார். வலிக்கட்டும் என்றேன். மிதவை வைத்த கைகளை ஃபிளாஷுக்குப் பூட்டிக் கொடுத்தார்.

மணிக்கட்டில் மாட்ட அவர் தந்த பட்டையில் ஒரு எஃகுக் கொக்கி இருந்தது. அதை வெட்டிப் போட்டுவிட்டு நானே துணிப்பட்டை தைத்திருக்கிறேன். அளவு பார்ப்பதற்கு முதலில் லேசாக ஓட்டிவைப்பேனே, அந்தத் தையல். ஒரு இழு இழுத்தால் பிரிந்துவிடும். என் கையால் தைத்தது பிரிந்தது என்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை. இது ஒன்று மட்டும் பிரிய வேண்டும் என்றே தைத்தேன். நீங்கள் இதை எடுத்துப் பலமாகத் தைத்துவிடாதீர்கள். உங்களுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது என்ற தைரியத்தில்தான் அனுப்புகிறேன்.

கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கீழே எது எதில் மாட்டினாலும் கையை விட்டுவிடுங்கள். வலையில் சிக்கினால் கேமரா அங்கேயே கிடக்கட்டும். சிக்காவிட்டால் தானாக மேலே வந்துவிடும், படகில் அண்ணன் எடுத்துக்கொள்வான். அதற்குப் பின்னால் நீங்கள் ஓடிவர வேண்டாம். நின்று நின்று, மெதுவாக வாருங்கள்.

பெட்டி மட்டும் முதலில் வந்தால் பயப்படாதே, அண்ணி பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார் என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் நம்பிவிட்டான். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள் அண்ணி.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
நாத்தனார்