கடைசியாக வந்த ஆமென்

என் அன்பானவருக்கு,

கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் கத்தினால் இப்போதெல்லாம் என் கை நடுங்குவதில்லை. கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், மூடிக்கிடக்கும் பழைய சுரங்க ஷாஃப்ட் முன்னால் நின்று தினமும் ஜெபிக்கிறேன். உங்கள் அப்பா காலத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் சுரங்கத்துக்குள் இறங்கும்முன் எல்லாரும் சேர்ந்து ஜெபித்த இடம்.

நான் முடித்ததும் கீழேயிருந்து பல ஆண்கள் "ஆமென்" என்கிறார்கள். முதலில் பயந்துபோய் உங்கம்மாவிடம் சொன்னேன். "இன்னாத்துக்குப் பயப்பட்ற? கீழ போயி திரும்பாதவங்க, அவங்களும் நம்ம சபைதான்" என்றார். அதிலிருந்து தைரியமாக ரயிலேறுகிறேன்.

நான்கு நாளாக நீங்கள் போன் எடுக்காததைப் பற்றிக் கேட்கமாட்டேன். அங்கே வெளியூர்ச் சுரங்கத்தில் உங்களுக்கு ஷிஃப்ட் அதிகமாயிருக்கும்.

வீட்டு ஜெபத்தில் எல்லாரும் முடித்த பிறகுதான் நீங்கள் ஆமென் சொல்வீர்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்று காலை கீழேயிருந்து ஒரு ஆமென் அப்படித்தான், தனியாக, கடைசியில் வந்தது.

கையெழுத்தைப் பாருங்கள், நடுங்கவில்லை.

நாளையும் அங்கே நின்று ஜெபிக்கப்போகும்
உங்கள் மனைவி